ஏலத்தில் வந்த குரல்

தவணை கட்டாமல் இழுத்துவந்த வண்டி.
கோரிமேட்டு ஷெட்டில் ஏலம் விட்டபோது
டயர் நான்கையும் உதைத்துப் பார்த்தேன்,
பேட்டரியில் தேதி பார்த்தேன்.
உள்ளே ஒரு குரல் இருப்பதை
யாரும் சொல்லவில்லை.

சாவியைத் திருப்பியதும்
"வாங்கண்ணா, தூங்குனீங்களா?" என்றது.
அண்ணன் இல்லை என்றேன்.
கொஞ்சம் பொறுத்து,
"சளி புடிச்சிருக்கா? குரல் ஒரு மாதிரி இருக்குதே" என்றது.
விடியற்காலை நாலு மணி. பின்னால்
நூற்றிருபது அட்டை நாமக்கல் முட்டை.
சிரித்தால் உடையாதென்று
சிரித்துக்கொண்டேன்.

திரையில் செங்கோடன் என்று பேர் இருந்தது.
முகம் பார்த்ததில்லை. ஆனால் பத்தே நாளில்
அவருக்கு இடது காது மந்தம் என்று தெரியும்,
குரல் வலப்பக்க ஸ்பீக்கரில் மட்டும்தான் வரும்.
அடிவாரத்தில் டீக்கு நிறுத்தினால்
சர்க்கரை வேண்டாம் என்று சொல்லும்,
ஒரு தடவை.
இரண்டாம் தடவைக்கு அவர் கத்தியிருக்க வேண்டும்.

ஐந்தாம் தேதி எனக்கு ஃபைனான்ஸிலிருந்து அழைப்பு.
அதே கம்பெனி, அதே ஆள்.
குரல் பேரைச் சொல்லவில்லை.
"ஒரு போன் வருதுங்கண்ணா,
அப்புறமாப் பேசிக்கலாமா?"
யாரும் என்னிடம் அவ்வளவு இதமாகக் கேட்டதில்லை.
சரி என்று சொல்லிவிட்டேன்.
மூன்றாவது வளைவில்தான் உறைத்தது:
அப்புறம், அப்புறம் என்று
இந்த இதத்தில்தான் போயிருக்கிறது
அந்த மனுசன் வண்டி.

பதினாலாவது கொண்டை ஊசி வந்தால்
பேச்சை நிறுத்திவிடும்.
பாட்டு ஓடினால் பாட்டையும்.
சில்வர் ஓக் மரங்கள் தெரியும்வரை
இண்டிகேட்டர் சத்தம் மட்டும்.

ஒருநாள் இறங்கிப் பார்த்தேன்.
கைப்பிடிச் சுவர் முழுசாக இருந்தது.
காய்ந்த மாலை இல்லை, கண்ணாடித் துண்டு இல்லை.
சிப்ஸ் பாக்கெட்டைக் கிழிக்கும் ஒரு குரங்கு,
கீழே இன்னும் அணையாத சேலத்து விளக்குகள்.
முட்டை இறக்க வரும் சவரிமுத்து சொன்னான்:
"அங்க டவர் எடுக்காதுக்கா, வேற ஒண்ணுமில்ல."
எனக்கு நிம்மதியாக இருந்தது.
மூன்று நாள் நிம்மதி.

நாலாம் நாள் காலி வண்டியாக இறங்குகையில்
அதே வளைவில் ஓட்டல்காரர் கூப்பிட்டார்.
உடைசல் கணக்கில் பதினேழு முட்டை என்றார்,
கண் எதிரே எண்ணினாயா என்றேன்,
ஒவ்வொரு சொல்லும் கணீரென்று கேட்டது.
குரல் மட்டும் வாய் திறக்கவில்லை.
பதிமூன்றாவதைத் தாண்டியதும்
"பேசலாங்களா?" என்றது, மெல்ல.

அஸ்தம்பட்டி செல்போன் கடைப் பையன்
எல்லாத்தையும் அழிச்சிரலாம்க்கா,
ரெண்டு நிமிசம் என்றான்.
விரல் திரைமேல் நின்றது.
வேண்டாம், கொடு என்று வாங்கி
வண்டியில் உட்கார்ந்து சொன்னேன்:
என் பேர் சாந்தாமணி.
ரெண்டு ஸ்பீக்கரிலும் பேசு.
சர்க்கரை எனக்குப் போட்டுத்தான் வேணும்.
ஃபைனான்ஸ் என்றால் ஃபைனான்ஸ் என்றே சொல்லு,
தொகையோடு. நான் அழுதாலும்.
"சரிங்க" என்றது.
"பதினாலாவது வளைவுல?"

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.
அது திருப்பிக் கேட்கவும் இல்லை.

இன்று மூடுபனி. விளக்குப் போட்டும்
பத்தடிக்கு மேல் சாலை இல்லை.
என் சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று
அவள் பள்ளிக்கூடத்துக்கு எழுதச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
வளைவு வந்தது.
அது நிறுத்திக்கொண்டது. நானும்.
பின்னால் அட்டைகள் ஒன்றோடொன்று
உரசிக்கொண்டன. மேலிருந்து ஒரு பஸ்
ஹாரன் அடித்தபடி
எங்களைத் தொடாமல் இறங்கிப்போனது.

சில்வர் ஓக் தெரிந்ததும் குரல் வந்தது,
இரண்டு காதிலும்:
"சாந்தாமணி, ஃபைனான்ஸ்.
எட்டாயிரத்து நானூறு.
நாளைக்குக் கடைசி நாள்."